மூக்குத்தி வைத்த லாரி

56 ஏ.பி.ஓ. வழியாக
12 ஜூன் 1997

அன்புள்ள எப்சி அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நீ பிரிப்பாயா என்று தெரியாமலே எழுதுகிறேன். வேலூர் பஸ் ஸ்டாண்டில் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “போறதுன்னா போ. அங்கேர்ந்து எனக்கு லெட்டர் மட்டும் போடாத.” நான்கு மாதம் போடாமல்தான் இருந்தேன். ஆனால் இங்கே பார்ப்பதை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு தாங்காது போலிருக்கிறது. அம்மாவிடம் சொல்லப் பயம். அதனால் நீதான்.

அக்கா, சோஜிலா கணவாயைப் பார்த்துவிட்டேன். ஏலகிரியைத் தூக்கி ஏலகிரியின் தலையில் வைத்து, அதன் மேல் இன்னொன்றை வைத்தாலும் அந்த உயரம் வராது. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமில்லை. கீழே ஆறு ஓடும் சத்தம் வருகிறது, ஆறு தெரியவில்லை. நடுவே ஒரு லாரி அகலத்துக்குச் சேறு. அதற்குப் பெயர் நேஷனல் ஹைவே. அந்தச் சேற்றில் நூறு வண்டிக்கு மேல் ஒன்றன் பின் ஒன்றாக ஏறுகின்றன. அரிசி, மண்ணெண்ணெய், பீரங்கிக் குண்டு, முட்டை. ஆமாம், முட்டை. பனி மூடிவிட்டால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அத்தனை பேரும் இந்த லாரிகள் கோடையில் கொண்டுபோய் இறக்கியதைத்தான் அடுத்த கோடை வரை சாப்பிட வேண்டும்.

எனக்கு ரிக்கவரி பிரிவில் வேலை. விழுந்த வண்டியை இழுப்பதும் நின்ற வண்டியை ஓட வைப்பதும். நம் ஊரில் கான்வாய் போனால் ‘மிலிட்டரி லாரி’ என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவோம். இங்கே வந்த பிறகுதான் ஒவ்வொன்றும் ஒரு தலைமுறை என்று தெரிகிறது. நீண்ட மூக்கோடு, கோபக்காரர் மாதிரி ஒன்று போகுமே, அது சக்திமான். இன்ஜின் விசை அதன் நாலு பக்கச் சக்கரத்துக்கும் போகும். சேற்றில் முன்னால் இழுக்கும், பின்னால் தள்ளும். இனிமேல் அதைச் செய்யப்போவதில்லையாம். அதன் இடத்துக்கு ஸ்டாலியன் என்று மூக்கே இல்லாத தட்டை முகத்து வண்டி வரப்போகிறது. போன வாரம் எட்டுச் சக்கர டாட்ரா ஒன்று வந்தது. மேடு பள்ளத்தில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாகக் கால் மடக்கி நடந்து போயிற்று. நாங்கள் கையில் இருந்த ஸ்பேனரைக்கூடக் கீழே வைக்காமல் நின்று பார்த்தோம்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். எழுபத்துநாலு அக்டோபரில் அப்பா ஓட்டி வந்தது இதே ரோடு. பனிமூட்டத்தில் கான்வாயின் கடைசி வண்டி அவருடையது. மற்ற வண்டிகள் முகாமுக்கு வந்து சேர்ந்தன, அவர் வரவில்லை. நான் எட்டு மாதக் குழந்தை. உனக்கு எட்டு வயது. அவர் நம்மை விட்டு ஓடிவிட்டார் என்று ஊர் சொன்னதை நீ நம்புகிறாய். இந்த ரோட்டில் நின்று பார்த்துவிட்டு என்னால் நம்ப முடியவில்லை. இங்கிருந்து வண்டியோடு எங்கே ஓட முடியும்?

உன் தம்பி
நெல்வின்


நர்ஸ் குவார்ட்டர்ஸ், வேலூர்
3 ஜூலை 1997

நெல்வினுக்கு,

பிரித்தேன், படித்தேன். பக்கம் பக்கமாக லாரி. சாப்பிடுகிறாயா, மூச்சு சரியாக இருக்கிறதா என்று ஒரு வரி இல்லை. அந்த உயரத்தில் தலைவலியும் இருமலும் சேர்ந்து வந்தால் சும்மா இருக்காதே, உடனே டாக்டரிடம் போ. இதை அக்காவாகச் சொல்லவில்லை, நர்ஸாகச் சொல்கிறேன்.

உன் கேள்விக்குப் பதில். வண்டியோடு ஓட வேண்டியதில்லை. வண்டியைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு நடந்து போகலாம். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, நம் சர்ச் வாசலிலேயே பேசினார்கள். எழுபத்தொன்பதில் தோல் லோடு ஏற்றிக்கொண்டு பம்பாய் போன மக்பூல் அகமது பாய், அங்கே துறைமுகத்தில் அப்பாவைப் பார்த்ததாக வந்து சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு வந்த சம்பந்தமெல்லாம் ‘அப்பா இருக்காரா?’ என்ற கேள்வியோடு நின்றுபோயின. செத்துவிட்டார் என்றால் அது ஒரு பதில். ‘தெரியாது’ என்று சொல்லும் வீட்டில் யாரும் பெண் எடுப்பதில்லை. உனக்கு அது கதை. எனக்கு இப்போது முப்பத்தொரு வயது.

அம்மா டீச்சர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு ஒரு புது வழக்கம். கான்வாய் வருகிறது என்று யாராவது சொன்னால், அடுப்பை அணைத்துவிட்டு ஹைவேயோரம் போய் நின்றுவிடுகிறாள். போன வாரம் லீவில் ஆம்பூர் போயிருந்தபோது அழைத்து வரப் போனேன். நீ எழுதிய நீண்ட மூக்கு வண்டிதான் ஜாஸ்தி. அம்மா வண்டியைப் பார்க்கவில்லை, ஒவ்வொரு டிரைவரின் முகத்தையும் பார்க்கிறாள். எல்லாம் சின்னப் பையன்கள். “அவருக்கு இப்ப அம்பத்தொம்பது ஆவுதும்மா. இதுல எப்படி இருப்பாரு?” என்றேன். “தெரியும், வா” என்று முன்னால் நடந்துவிட்டாள்.

அப்பாவைப் பற்றி இனி எழுதாதே. லாரியைப் பற்றி வேண்டுமானால் எழுது.

எப்சி


56 ஏ.பி.ஓ. வழியாக
20 செப்டம்பர் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நன்றாகச் சாப்பிடுகிறேன். இருமல் இல்லை. லாரியைப் பற்றி எழுதலாம் என்றாய், லாரியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கணவாயில் ஒரு மோசமான வளைவு இருக்கிறது. அதற்குக் கீழே, பள்ளத்தின் இடுக்கில், வருஷா வருஷம் சரிந்து விழுந்த பனி இறுகி இறுகி ஐஸாகிக் கிடக்கிறது. எந்தக் கோடையிலும் அது முழுதாகக் கரைந்ததில்லை. இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி. போன வாரம் அங்கே உருண்ட ஒரு வண்டிக்குக் கொக்கி மாட்ட பரந்தாமனைக் கயிற்றில் இறக்கினோம். குடியாத்தத்துக்காரன், வீட்டில் லுங்கித் தறி ஓடுகிறது. என்னோடுதான் வேலை செய்கிறான். மேலே வந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னான், “டேய், அதுக்கும் கீழ ஐஸுக்குள்ள இன்னொரு வண்டி கவுந்து கெடக்குது. இப்ப விழுந்ததில்ல. பழசு.”

எங்கள் மேஜரிடம் கேட்டுக்கொண்டு நானும் இறங்கினேன்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஐஸ் வெள்ளையாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். உள்ளே அது நீலம். அந்த நீலத்திலிருந்து பின் சக்கரங்கள் மட்டும் வானத்தைப் பார்த்து வெளியே வந்திருந்தன. கையுறையைக் கழற்றிவிட்டு டயரைத் தொட்டேன். டயரின் பல்லிடுக்கில் சேறு அப்படியே இருந்தது. அன்று அந்த ரோட்டில் ஒட்டிய சேறு. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. கீழே குனிந்து நின்றவன் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பரந்தாமன் மேலிருந்து கயிற்றைச் சுண்டிய பிறகுதான் நினைவு வந்தது.

இந்தக் கணவாயில் போய், திரும்ப எடுக்காத வண்டி இரண்டுதான். ஒன்று, நான் எழுதக் கூடாத எழுபத்துநாலு வண்டி. மற்றது எண்பத்தாறில் இதே வளைவில் உருண்ட ஒரு டாட்டா. அதன் டிரைவர் குதித்துப் பிழைத்தார், வண்டி போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். அப்பாவின் யூனிட்டைக் கலைத்துவிட்டார்கள். அவர் என்ன வண்டி ஓட்டினார் என்று கேட்டு எழுதினேன், பதில் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் இந்த ரோட்டில் ஏறியது பெரும்பாலும் சக்திமான்தான்.

கவிழ்ந்து கிடக்கும் வண்டியை வயிற்றைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பின் அச்சு எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல, நடுவில் குடம் மாதிரி வீங்கியிருக்கும். முன் அச்சில்தான் வம்சம் தெரியும். சக்திமானுக்கு முன்னாலும் ஒரு குடம் உண்டு. டாட்டாவுக்கு முன்னால் வெறும் இரும்புச் சட்டம். ஆனால் முன்பாகம் முழுக்க ஐஸுக்குள் இருக்கிறது. நேற்று முதல் பனி விழுந்துவிட்டது. இனி அடுத்த கோடைதான்.

நெல்வின்


வேலூர்
16 நவம்பர் 1997

தம்பி நெல்வினுக்கு,

உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டக்கூடாது என்று இருந்தேன். ஒரு மாதம் தாங்கினேன். போன ஞாயிறு சர்ச் விட்டு வரும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அவன் இன்னா எழுதினான்?” என்று கேட்டாள். முழுவதும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தோம். செருப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னாள், “அது அவரு வண்டியா இருக்கக் கூடாதுன்னு ஜெபம் பண்ணு.”

“ஏம்மா?”

“அதுல அவரு இருந்தா, என்ன விட்டுட்டுப் போவல. ஆனா செத்துட்டாரு. இல்லன்னா என்ன விட்டுட்டுப் போய்ட்டாரு. ஆனா எங்கியோ உக்காந்து சாப்டுறாரு. நீயா இருந்தா எத கேப்ப?”

 நான் எதைக் கேட்டு வந்திருக்கிறேன் என்று யோசித்தேன். இரண்டில் எதையும் இல்லை. கோபித்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறேன்.

மறுநாள் மக்பூல் பாயைத் தேடிப் போனேன். தோல் மண்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், பார்வை மங்கிவிட்டது. யார் என்று சொன்னதும் பக்கத்தில் ஸ்டூலைத் தட்டி உட்காரச் சொன்னார். பம்பாயில் பார்த்தது அப்பாவைத்தானா என்று கேட்டேன்.

“நா இன்னா சொன்னேன் தெரியுமாம்மா? வில்சன் மாதிரி ஒருத்தரப் பாத்தேன்னு சொன்னேன். முதுகத்தான் பாத்தேன். பேர் சொல்லிக் கூப்ட்டேன், திரும்பல. ஊரு அந்த ‘மாதிரி’ய கீழ போட்டுட்டு வில்சன மட்டும் எடுத்துக்கினு போய்டிச்சி.”

“அப்ப நீங்க வந்து எங்கம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே பாய்?”

“டீச்சரம்மா வீட்டுப் பக்கம் வந்தா கதவ சாத்திடுவாங்க. வேற யாரும் வந்து கேக்கல. நீதான் மொதல்ல கேக்குற.”

டீ வாங்கித் தந்தார். குடித்துவிட்டு வந்தேன். தம்பி, பதினெட்டு வருஷம் நான் ஒரு முதுகின் மேல் கோபமாக இருந்திருக்கிறேன்.

குளிருக்கு அம்மா ஒரு ஸ்வெட்டர் பின்னுகிறாள். அளவு தெரியவில்லை, நீ ஒல்லியாகிவிட்டாயா என்று எழுது.

எப்சி


ஸ்ரீநகர்
1 மார்ச் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்வெட்டர் வந்தது. தோளில் கொஞ்சம் பெரிது, பரவாயில்லை, உள்ளே இன்னொன்று போட இடம் இருக்கிறது.

குளிர்காலத்துக்கு எங்களைக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். ஸ்டாலியன் வந்துவிட்டது. புது பெயிண்ட் வாசனையோடு ஒன்றை நான் ஓட்டிப் பார்த்தேன். சக்திமானைத் திருப்பத் தோள் வேண்டும், இதற்கு விரல் போதும். இறங்கின பிறகு சக்திமானைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது.

ஒரு காலையில் எழுந்து வந்தால் பட்டறை முற்றத்தில் வண்டிகளே இல்லை, வெறும் பனி மேடுகள். பரந்தாமன் பந்தயம் கட்டினான், எது எந்த வண்டி என்று சொல்லச் சொல்லி. ஒன்றுகூடத் தப்பாமல் சொன்னேன். பனி மூடினாலும் மூக்கு உள்ளது மூக்கோடுதான் இருந்தது. பழசின் தோள் ஒரு விதம், புதுசின் தோள் ஒரு விதம். அவ்வளவு வெள்ளைக்குள்ளும் அவை தங்கள் வடிவத்தை விடவில்லை. பந்தயத்தில் ஜெயித்த சந்தோஷம் வரவில்லை எனக்கு. 

அம்மா கேட்டதை நானும் என்னையே கேட்டுப் பார்த்தேன். அப்பா என்று ஒருவரைக் கண்ணால் பார்க்க வேண்டும், அது மட்டும் தெரியும். எப்படி இருந்தாலும்.

நெல்வின்


56 ஏ.பி.ஓ. வழியாக
9 ஜூலை 1998

அக்காவுக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அது நம் வண்டி இல்லை.

ரோடு திறந்ததும் இறங்கினேன். ஐஸ் இன்னும் வற்றியிருந்தது. முன் சக்கரங்கள் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே பிக்காஸால் கொத்தி, பனியைக் கையாலேயே துழாவித் துடைத்தேன். வெறும் இரும்புச் சட்டம். குடம் இல்லை. இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை தடவிப் பார்த்தேன், இல்லை. டாட்டா.

மேஜரும் பைனாகுலரில் பார்த்தார். நல்ல மனிதர், என் கதை அவருக்குத் தெரியும். தோளில் கை வைத்துச் சொன்னார், எண்பத்தாறு வண்டிதான் இது, உள்ளே யாரும் இல்லை, காலி வண்டிக்காக அந்தப் பள்ளத்தில் ஆட்களை இறக்கித் தோண்ட முடியாது என்று. அவர் சொல்வது நியாயம். மேலிருந்து கல் விழுந்துகொண்டே இருக்கும் இடம் அது.

அப்படியானால் அப்பாவின் சக்திமான் எங்கே? ஆற்றோடு போயிருக்கலாம். அல்லது நீ சொன்னதே சரியாக இருக்கலாம். அம்மாவிடம் சொல், அவள் ஜெபம் கேட்கப்பட்டது என்று. சொல்லும்போது என் பெயரைச் சொல்லி அழாமல் இருக்கச் சொல். நான் நன்றாக இருக்கிறேன்.

வேறு இடத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

நெல்வின்


வேலூர்
19 ஜூலை 1998

தம்பி,

மாற்றல் கேட்காதே. இதே விஷயமாகத் தந்தியும் அடித்திருக்கிறேன், அது முன்னால் வந்திருந்தால் இது விவரம்.

அப்பா ஓட்டியது சக்திமான் என்று உனக்கு யார் சொன்னது? நீயாக நினைத்துக்கொண்டாய். நானும் நீ எழுதியதைப் படித்து, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். நேற்று உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் எழுந்துபோனாள். நான் அந்த ‘வெறும் இரும்புச் சட்டம்’ என்ற வரியிலேயே நின்றேன். அப்போதுதான் எனக்கு அது வந்தது. மறந்த விஷயமில்லை. எடுத்துப் பார்க்கக் கூடாது என்று நானே ஒதுக்கி வைத்திருந்த விஷயம்.

எனக்கு ஆறு வயது. அப்பாவின் யூனிட் வடக்கே போவதற்கு முன்னால், பெங்களூரிலிருந்து மெட்ராசுக்குப் போகிற வழியில் ஆம்பூருக்கு வெளியே கான்வாய் கொஞ்ச நேரம் நின்றது. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஓடினாள். எல்லா வண்டியும் பச்சை. அப்பா தன் வண்டியின் முன்னால் என்னைத் தூக்கிப் பிடித்தார். முகப்பில், கம்பி வலைக்கு நடுவே, ஒரு பெரிய வளையம், அதற்குள் மூன்று கால் நட்சத்திரம். வெயிலில் சுட்டுக்கொண்டிருந்தது. கை வைத்துவிட்டு அழுதேன். “இது இன்னாப்பா?” என்று கேட்டேன். “இதுவா? நம்ம வண்டிக்கு மூக்குத்தி. மத்த வண்டிக்கெல்லாம் கெடையாது பாரு” என்றார். நான் இறங்கி ஓடி, வரிசையாக ஒவ்வொரு வண்டியின் மூக்கையும் பார்த்தேன். பெரும்பாலானவற்றுக்கு இல்லை. இதே வண்டியை ரயிலில் ஏற்றிக்கொண்டு காஷ்மீர் போகப்போகிறோம் என்று அம்மாவிடம் சொன்னார்.

எனக்கு லாரி தெரியாது. நீதான் தெரிந்தவன். மூன்று கால் நட்சத்திரம் வைத்த லாரிக்கு முன்னால் குடம் உண்டா, இல்லையா?

அம்மாவிடம் கேட்டேன், உனக்கு அந்த மூக்குத்தி ஞாபகம் இருக்கிறதா என்று. “நான் வண்டியையா பாத்தேன்?” என்றாள்.

அக்கா


ராணுவ ஆஸ்பத்திரி, ஸ்ரீநகர்
4 செப்டம்பர் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் திட்டுவாய். வலது பாதத்தின் மேல் ஐஸ் பாளம் விழுந்தது. எலும்பு முறிவு. கால் நிற்கும், நடப்பேன் என்று டாக்டர் சொல்கிறார். பயணம் இப்போது கூடாது. அதனால்தான் அப்பாவோடு நான் வரவில்லை. பரந்தாமன் வருகிறான்.

எழுதிவிட்டேன். அப்பாவோடு.

உன் தந்தி வந்த அன்று நான் என் தலையில் அடித்துக்கொண்டேன். எல்லா வண்டிக்கும் தலைமுறை பார்த்தவன் டாட்டாவிலும் தலைமுறை உண்டு என்பதை விட்டுவிட்டேன். அறுபத்தொன்பது வரை ஜெர்மன் கம்பெனியோடு கூட்டாகச் செய்த காலத்து டாட்டாவுக்குத்தான் அந்த நட்சத்திரம். பிறகு வந்ததற்கு ‘டி’ எழுத்து. எண்பத்தாறு வண்டிக்கு ‘டி’தான் இருந்தது, பிழைத்த டிரைவரோடு அன்று வேலை செய்தவர்கள் சொன்னார்கள். இரண்டுக்கும் வயிறு ஒன்று, மூக்கில்தான் வித்தியாசம். மேஜரிடம் தந்தியைக் கொண்டுபோனேன். படித்தார். “உன் அக்காவுக்கு அப்போது ஆறு வயதா?” என்று கேட்டார். மூக்கு வரைக்கும் மட்டும் தோண்டிப் பார்க்கலாம், நட்சத்திரம் இல்லையென்றால் அன்றே மேலே வந்துவிட வேண்டும் என்றார்.

கல் விழாத காலை நேரமாகப் பார்த்து நாள் கணக்கில் தோண்டினோம். கடைசியில் பரந்தாமன்தான் முன்னால் இருந்தான். கையுறையால் தேய்த்துக்கொண்டே இருந்தவன் நிறுத்திவிட்டான். “வட்டம். உள்ள மூணு காலு” என்றான். பிறகு மெதுவாக, “உங்கக்கா சொன்ன மூக்குத்தி” என்றான். மேலே நின்ற மேஜர் தொப்பியைக் கழற்றியது எனக்குத் தெரிந்தது.

கேபினைத் திறக்க இன்னும் பல நாள் ஆயிற்று. அவர் உள்ளேதான் இருந்தார். ஸ்டீரிங்குக்குப் பின்னால், தன் இடத்தில். கழுத்தில் இருந்த தகட்டின் எண்ணை மேஜர் படித்துச் சரிபார்த்தார். எனக்கு எண் தேவைப்படவில்லை. கண்ணாடியில் நான் பார்க்கிற முகம், அக்கா. இன்னும் பன்னிரண்டு வருஷம் கழித்து எனக்கு வரப்போகிற முகம். நான் ‘அப்பா’ என்று வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பதால் குரல் எனக்கே வேறாகக் கேட்டது.

இன்னொன்று சொல்ல வேண்டும். அம்மாவிடம் இதை நிதானமாகச் சொல். வண்டி முதல் கியரில் இருந்தது. ஹேண்ட் பிரேக் இழுத்தபடி இருந்தது. ஓடுகிற வண்டி இல்லை அது. பனிமூட்டத்தில் முன் வண்டி தெரியாமல் போனதும், எங்களுக்குச் சொல்லித்தருகிறபடியே, நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, மூட்டம் விலகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். மேலிருந்து பனி சரிந்து வண்டியோடு தள்ளிவிட்டது. அவர் எங்கேயும் போகவில்லை. காத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு முப்பத்தாறு வயது, அக்கா. உன்னைவிட நாலு வயதுதான் பெரியவர்.

நெல்வின்


ஆம்பூர்
27 செப்டம்பர் 1998

என் அன்புத் தம்பிக்கு,

அப்பா வந்து சேர்ந்தார். பெங்களூர் வரை விமானத்தில், அங்கிருந்து புது ஸ்டாலியனில். அடக்கம் நல்லபடியாக நடந்தது. துப்பாக்கி மரியாதை, கூட்டம், பாஸ்டரின் பிரசங்கம், இதையெல்லாம் ஊரே உனக்குச் சொல்லும். யார் யார் வந்து அம்மாவின் காலருகே உட்கார்ந்து என்ன பேசினார்கள் என்பதை நீ வரும்போது சொல்கிறேன். நான் மட்டும் பார்த்த ஒன்றை எழுதுகிறேன்.

பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கூட வந்த சுபேதார் சொன்னார். பரந்தாமன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அக்கா, நீங்க நர்ஸு. நீங்க பாத்துட்டு முடிவு பண்ணுங்க” என்றான். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு நான்தான் திறந்தேன். எத்தனையோ பேரைத் துடைத்து, கண்ணை மூடி அனுப்பியிருக்கிறேன். இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. முகத்துத் தோல் கறுத்து இறுகியிருந்தது. தோல் பதனிடும் ஆம்பூரில் பிறந்தவளுக்கு அந்த நிறம் பயமில்லை. மற்றபடி அவர்தான். மீசையில் ஒரு முடிகூட நரைக்கவில்லை. அவரை மறந்துவிட்டேன் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். புருவத்தைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்தது. அவர் சிரித்தால் எந்தப் பக்கம் முதலில் அசையும் என்பது கூட.

அம்மா தானாகவே உள்ளே வந்தாள். நான் தடுக்கவில்லை. பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தாள். அழுவாள் என்று அவள் தோளைப் பிடித்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள், தம்பி. அந்தப் பார்வையை நான் வேறு எதன் மேலும் அவளிடம் கண்டதில்லை.

“இவ்ளோ சின்னப் பையனாவா இருந்தாரு?” என்றாள்.

பிறகு தன் தலையைத் தொட்டுக்கொண்டாள். முழுக்க வெள்ளை. கண்ணாடியைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எப்சி, என்னை இவருக்கு அடையாளம் தெரியுமா?” என்று என்னைக் கேட்டாள். கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. 

நெஞ்சின் மேல் கைகளைச் சேர்த்து வைக்க அங்கே முயன்றிருக்கிறார்கள், முடியவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்த வாக்கில் விரல்கள் வளைந்தே நின்றுவிட்டன, விரியவும் இல்லை, மூடவும் இல்லை. அம்மா அதை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் வளையல்களை மேலே ஏற்றிவிட்டு, தன் கையை அந்த விரல்களின் வளைவுக்குள் மெதுவாக நுழைத்தாள். அது உள்ளே பொருந்தி நின்றது. அந்தக் குளிர்ச்சியில் நானாக இருந்தால் கையை உதறியிருப்பேன். அவள் உதறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகம் தெளிந்தது.

“தெரிது” என்றாள்.

உன்
அக்கா